பொட்டு வெச்ச இடம்

அப்ப பட்டனை நகத்தி வெக்கறதுதான் உன்ற வேலைன்னு சொல்லு கண்ணு.

சிரிக்காத, நான் நெசமாத்தான் கேக்கறேன். கோபியில பஸ் ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். மடியில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு ஒரு சின்னக் கட்டத்தை இங்க வெக்கறே, அக்கட்ட தள்றே, திரும்பக் கொண்டாந்து இங்கயே வெக்கறே. என்ன கண்ணு விளையாட்டான்னு கேட்டா, ஆபீசுல வேலை செய்யறவங்களுக்குத் திரையைப் புதுசா மாத்திக் குடுக்கறேங்கறே. உங்களாட்ட ஒரு ஆளை நேர்ல பாக்கோணும்னு எத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன் தெரியுமா? பாத்தா நல்லா நாலு வார்த்தை கேக்கோணும்னு வெச்சிருந்தேன். இப்ப என்னடான்னா என்ற பொண்ணு வயசுல உக்காந்துட்டு இருக்கே, கேக்கறதுக்கு மனசு வரமாட்டேங்குது.

இல்ல, கேட்டர்றேன். யாரு கண்ணு உங்களை மாத்தச் சொன்னது?

அந்தப் பையா? இருக்கட்டும், எடுக்க வேண்டாம். அந்த சீட்டுக்கு ஆள் வருது, கவுந்தப்பாடியில ஏறும். சுகந்தின்னு பேரு, எங்க ஆபீசுப் புள்ளை. ரெண்டு பேரும் ஈரோட்டுக்கு ஒரு விசாரணைக்குப் போறோம். விசாரணை அவளுக்கு. நான் சாட்சி. அவளுக்கு வேலை இருக்குமா போகுமான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும்.

எல்லாம் உங்களாலதான்னு நான் சொல்லிட்டுத் திரியறேன். நீயே கேட்டுட்டுச் சொல்லு, நான் சொல்றது சரியா தப்பான்னு.

எந்த டிபார்ட்மெண்டுன்னு கேக்காத, பேர் வேண்டாம். சர்க்கார் ஆபீசு. கஷ்டப்படற பொம்பளைங்க தையல் மிஷின் வேணும்னு மனு குடுப்பாங்க. நாங்க அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, சர்டிபிகேட்டெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்து மேல அனுப்போணும். என்ற பேரு லோகநாயகி, ஆபீசுல லோகாக்கா. சீனியர்னா நாந்தான் சீனியர். டைப்ரைட்டர் காலத்துல சேந்தவ. அடுத்த வருசம் ரிட்டயர்மெண்ட்.

அப்ப இருந்து எத்தனை மாத்தத்தைப் பாத்துட்டேன்! ஒரு தடவை பாரு, லெட்டர் அடிக்கற சாப்ட்வேர்ல மேல வரிசையா இருந்த பேரெல்லாம் போயி, படம் படமா ஒரு பட்டை வந்துருச்சு. பிரிண்ட் எங்க இருக்குதுன்னு ஆபீசே கூடித் தேடுச்சு. ஜீப்பு வாசல்ல உறுமிட்டு நிக்குது, சார் நிமிசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கறாரு, லெட்டர் திரையில இருக்குது, காகிதத்துக்கு வரமாட்டேங்குது. கடைசியில பாத்தா மூலையில ஒரு உருண்டை, அதுக்குள்ள ஒளிஞ்சுட்டு இருக்குது. சரி போன்னு அந்த உருண்டையைப் பழகுனோம். பழகி முடிச்சதும் அந்த உருண்டையையும் எடுத்துட்டீங்க. தெரியும் கண்ணு, நீ எடுக்கல, அப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்பே. ஆனா உங்க ஆளுகதான?

கை பழகறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. நாங்க திரையைப் பாத்து வேலை செய்யறதில்ல. கண்ணு மனுவுல இருக்கும், வாய் எதுத்தாப்புல நிக்கற ஆள்கிட்டப் பேசிட்டு இருக்கும், கை அது பாட்டுக்குப் போயி அமுக்கிட்டு வந்துரும். கரண்ட் போனா இருட்டுல நேராப் போயி தீப்பெட்டியை எடுக்கறமில்ல, அதாட்டத்தான். அந்தத் தீப்பெட்டியைத் தூக்கி வேற பக்கம் வெச்சுட்டு, இப்ப சமையக்கட்டு எத்தனை அழகா இருக்குது பாருங்கன்னா? இருட்டுல நிக்கறவளுக்கு அழகு எதுக்கு?

நீ நல்லாத்தான் பேசறே. ஆளுகளைக் கேட்டுட்டுத்தான் மாத்துவோம்ங்கறே. என்னைய யாரும் கேக்கல. கேட்டாங்களா? சரி, கேட்டாங்க. அதுக்கு அப்பறம் வர்றேன்.

சுகந்தி எங்க ஆபீசு ஜீப் டிரைவர் மயில்சாமியோட சம்சாரம். மயில்சாமி ஒரு நாள் மத்தியானம் சோத்துப் போசியைத் தொறந்து வெச்சுட்டு அப்படியே சாஞ்சவன்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கருணை அடிப்படையில இவளுக்கு வேலை குடுத்தாங்க. பிளஸ் டூ படிச்சவ. கம்ப்யூட்டரைத் தொடறதுக்கு முன்னாடி முந்தானையில கையைத் தொடச்சுக்குவா. பொம்பளப் புள்ளை ஒண்ணு, எட்டாவது படிக்குது. வேற வரும்படி கிடையாது, இந்த வேலைதான். அதுவும் இன்னும் நிரந்தரம் ஆகல. நிரந்தரம் ஆகறதுக்குள்ள பெருசா ஒரு தப்பு வந்துட்டா வீட்டுக்கு அனுப்பிச்சுருவாங்க.

அவளுக்கு வேலை கத்துக் குடுங்க லோகாக்கான்னு சார் என்கிட்ட விட்டாரு. நானும் கத்துக் குடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, புள்ளை ஆர்வமாத்தான் இருந்தா. ஆனா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பா கண்ணு. திரையில எல்லாமே இங்கிலீசு. உதட்டை அசைச்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சு, அதுக்கு என்ன அர்த்தம்னு என்னையக் கேட்டு, அதைத் தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டு, அப்பறம் அமுக்குவா. அதுக்குள்ள வரிசை வாசலைத் தாண்டிப் போயிரும். எனக்கோ என்ற சீட்டு வேலையே தலைக்கு மேல கெடக்குது. ஒரு நாள் பொறுக்கமாட்டாம சொன்னேன், "படிக்காத சுகந்தி. பட்டன் எந்த இடத்துல இருக்குதுன்னு மட்டும் பாரு, போதும். உன்கிட்ட ஸ்டிக்கர் பொட்டு இருக்குதா?"

கேட்டுப்போட்டேன். கேட்டப்பறம்தான் அவ நெத்தியைப் பாத்தேன். மயில்சாமி போனதுல இருந்து அவ ஒண்ணும் வெக்கறதில்ல. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துது. அவ ஹேண்ட்பேக்கைத் தொறந்தா, உள்ள இருக்கற ஜிப்பைத் தொறந்தா, ஒரு பொட்டு அட்டையை எடுத்துக் குடுத்தா. கலர் கலரா இருக்கற அட்டை. அதுல ஒண்ணு ரெண்டுதான் உரிச்சிருந்துது, மிச்சமெல்லாம் அப்படியே இருந்துது. அதைத் தூக்கிப் போடவும் மனசு வராம, வெக்கவும் முடியாம பையிலயே வெச்சிருந்திருக்கா.

அந்தப் பொட்டை உரிச்சு மானிட்டர் கண்ணாடி மேலயே ஒட்டினேன். மனுவைத் தொறக்கற இடத்துக்கு செவப்பு. சர்டிபிகேட் சரின்னு சொல்ற இடத்துக்குப் பச்சை. கடைசியில சேவ் பண்ற இடத்துக்குக் கறுப்பு. "செவப்பு, பச்சை, கறுப்பு. அவ்வளவுதான் உன்ற உத்தியோகம்"னு சொன்னேன்.

என்ன கண்ணு, தலையில கை வெச்சுக்கிட்டே?

நீ அப்படிப் பாக்காத. அதுக்கப்பறம் அவ வேகத்தைப் பாத்திருக்கோணும். டக்கு டக்கு டக்குன்னு மனு போகுது. வரிசை வாசலைத் தாண்டறதே இல்ல. சார் கூட, என்ன லோகாக்கா மந்திரம் போட்டீங்களான்னு கேட்டாரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. அவ சீட்டு உள்ரூம்ல, சுவத்துக்கு முதுகைக் காட்டினாப்புல. அதனால பொட்டு விசயம் எங்க ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நடுவுல ஒருக்கா வந்து கேட்டா, "அக்கா, இப்ப கொஞ்சம் பழகிருச்சு, அந்த எழுத்தையும் படிச்சுப் பழகிக்கட்டுமா?"ன்னு. வேலை ஓடிட்டு இருக்கறப்ப எதுக்குப் புள்ள, அப்பறம் பாக்கலாம்னேன். நல்லாப் போயிட்டு இருக்கறதைக் கெடுப்பாங்களா? நீயே சொல்லு.

இப்ப உங்க விசயத்துக்கு வர்றேன். புரட்டாசி மாசம் சென்னையில இருந்து வீடியோ மீட்டிங்கு வெச்சாங்க. சாப்ட்வேரை மாத்தப் போறோம், புதுத் திரை எப்படி இருக்கும்னு காட்டறோம், உங்க கருத்தைச் சொல்லுங்கன்னாங்க. கருத்துச் சொல்லுங்கன்னுட்டு எல்லாரும் மைக்கை ஆப் பண்ணி வெய்யுங்கன்னாங்க. அப்பறம் எதுல சொல்றது? நான் கேமராவையும் அமத்திட்டு பழைய பைலுக்கெல்லாம் கயிறு கட்டிட்டு இருந்தேன். கடைசியில எல்லாருக்கும் திருப்திதானேன்னு ஒரு குரல் கேட்டுது. ஒருத்தரும் பேசல. திருப்தின்னு எழுதிக்கிட்டாங்க.

அதுக்கப்பறம் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பைலை அனுப்புனாங்க. எந்தப் பட்டன் எங்க போயிருக்குது, எந்தத் தேதியில இருந்து மாறுதுன்னு படம் போட்டு அதுல இருந்துச்சாம். இருந்துச்சாம்னுதான் சொல்றேன், நான் தொறந்து பாக்கல. எங்க குரூப்புல மேல இருந்து என்ன வந்தாலும் "நோட்டட் சார்"னு போட்டு ஒரு கும்பிடு வெக்கோணும், அதுதான் பழக்கம். ஆத்துல வெள்ளம் வருதுன்னு போட்டாலும் நோட்டட் சார்தான். யாரு மொதல்ல வெக்கறாங்கங்கறதுல ஒரு போட்டி வேற. அன்னைக்கு நாந்தான் மொதல்ல வெச்சேன். சுகந்தி அந்தக் குரூப்புல இல்ல. புதுசா சேந்தவங்களுக்கு சீனியர் எடுத்துச் சொல்லிரோணும்.

சீனியர் யாருன்னு கேக்காத, சொல்லிட்டேன்.

ஆயுத பூஜை வந்துது. எங்க ஆபீசுல கம்ப்யூட்டரையெல்லாம் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைப்போம். பூஜைக்கு எல்லாம் ஓடிட்டு இருக்கோணும்பாரு சார், அதனால ஒண்ணையும் அமத்த மாட்டோம். சுகந்தி அவளோடதைத் தொடச்சதைப் பாக்கோணும். கீபோர்டுல ஒவ்வொரு சந்துலயும் துணியை விட்டு எடுக்கறா. கண்ணாடியில பொட்டைச் சுத்திச் சுத்தித் தொடைக்கறா. சந்தனம் குங்குமத்தை மட்டும் என்னைய வெக்கச் சொன்னா, அவ வெக்கக்கூடாதாம். நானும் வெச்சேன். அப்பறம் ஸ்டேட்டஸ்ல போடறதுக்கு எல்லாக் கம்ப்யூட்டரையும் போட்டோ எடுத்தேன். அவளதையும் எடுத்தேன், பொட்டு தெரியுதேன்னு அதை மட்டும் போடல.

பூஜைக்கப்பறம் வரிசையா லீவு. லீவு முடிஞ்சு ஆபீசு தொறக்கற அன்னைக்கு என்ற தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், பெருந்துறையில. நான் லீவு சொல்லியிருந்தேன். பந்தி நடந்துட்டு இருக்குது, ஒரு கையில ரச வாளி, போன் அடிக்குது. தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிட்டுப் பேசறேன். சுகந்தி.

"அக்கா, கம்ப்யூட்டர் பூராவும் வெள்ளையா இருக்குது. எழுத்தையே காணோம், படம் படமா இருக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க நாளைக்கு வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சரட்டுமா?"

கேட்டா கண்ணு. நிறுத்தி வெக்கட்டுமான்னு அவ கேட்டா. இங்க எலையில உக்காந்திருக்கற சம்பந்தி வீட்டுக்காரங்க ரசம் ரசம்ங்கறாங்க. "கலரை மாத்தியிருப்பானுக, வேற வேலை என்ன அவனுகளுக்கு? பொட்டு இருக்குதில்ல? பொட்டைப் பாத்து அமுக்கு"ன்னேன். சரிங்கக்கான்னு வெச்சுட்டா. அவ்வளவுதான் பேசுனோம்.

எங்க சேவ் இருந்துதோ அங்க ஒரு வளைஞ்ச அம்பைக் கொண்டாந்து வெச்சிருக்கறாங்க. திருப்பி அனுப்பறதுன்னு அர்த்தமாம். திருப்பி அனுப்பறதுன்னா என்ன தெரியுமா? நிராகரிக்கறது. உறுதியா உறுதியான்னு அது கேக்கத்தான் கேட்டிருக்குது. அது எதுக்குத்தான் கேக்காது? பழசும் அப்படித்தான், ஒவ்வொண்ணுக்கும் கேக்கும், நாங்களும் ஆமா ஆமான்னு அமுக்கிட்டே இருப்போம். இவளும் ஆமான்னு அமுக்கியிருக்கா. பொழுது சாயற வரைக்கும் உக்காந்து, வெளிய நின்ன கூட்டம் பூராத்தையும் முடிச்சு, லீவுல சேந்து கிடந்ததையும் முடிச்சு, எல்லாத்தையும் நிராகரிச்சுட்டு, "முடிச்சுட்டேன் அக்கா"ன்னு எனக்கு மெசேஜும் போட்டா. நான் அதுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பிச்சேன்.

அடுத்த நாள் காத்தால நான் போறப்ப ஆபீசு வாசல்ல பொம்பளைங்க கூட்டம். ஒவ்வொருத்தர் கையிலயும் போனு. உங்கள் மனு நிராகரிக்கப்பட்டதுன்னு மெசேஜ் போயிருக்குது. ஒரு வருசத்துக்குத் திரும்ப மனுப் போட முடியாது. கைக்குழந்தையோட வந்த ஒருத்தி சுகந்தி கையைப் புடிச்சுக்கிட்டு, நேத்து நீதான கண்ணு எல்லாம் சரியா இருக்குதுன்னு சொன்னியேன்னு கேக்கறா. இன்னொருத்தி, லஞ்சம் எத்தனை வாங்குனே நீன்னு கேக்கறா. வேற ஆளுகளுக்குக் குடுக்கறதுக்காக இவங்களை வேணும்னே தள்ளிட்டான்னு ஒரு பேச்சு கெளம்பிருச்சு. கம்ப்யூட்டர்ல எல்லாம் இவ பேர்லதான் நிக்குது.

நான் நேரா உள்ரூமுக்குப் போனேன். மூணு பொட்டையும் நகத்தால உரிச்சேன். பசை கொஞ்சம் நின்னுது, முந்தானையில துப்பித் தொடச்சேன். அவளுக்காகத்தான் பண்ணேன் கண்ணு. சர்க்கார் ஆபீசுல பொட்டைப் பாத்து வேலை செஞ்சான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்குமில்ல? அவளுக்காகத்தான்.

திரும்பறேன், பின்னாடி நிக்கறா. நான் உரிச்சதைப் பாத்துட்டா. நான் பயந்துட்டேன், என்ன கேப்பாளோன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா?

"அக்கா, பூஜைக்குத் தொடைக்கறப்ப கறுப்புப் பொட்டு பிஞ்சு வந்துருச்சு. நாந்தான் திரும்ப ஒட்டுனேன். கொஞ்சம் தள்ளி ஒட்டிப்போட்டனாட்ட இருக்குது. நீங்க கலர்தான் மாறியிருக்குதுன்னு சொன்னீங்க. அப்ப நான் பொட்டைத்தான் நகத்தியிருக்கோணும்."

அப்ப நான் சொல்லியிருக்கோணும். இல்ல சாமி, நீ நகத்தல, பட்டனைத்தான் நகத்திட்டாங்க, எனக்குப் பைல் வந்துது, நான் பாக்காம கும்பிடு வெச்சுட்டேன்னு சொல்லியிருக்கோணும். ஒரு வாய் வார்த்தை.

இருக்கும்னேன்.

"இருக்கும் சாமி, அவசரத்துல ஒட்டியிருப்பே"ன்னேன். அதுதான் கண்ணு நான் சொன்னது. சொல்லிட்டு, பொட்டு விசயத்தை வெளிய மூச்சு விடாதன்னும் சொன்னேன். அவளும் விடல. மெமோ வந்துது, கவனக்குறைவுன்னு மட்டும் எழுதிக் குடுத்தா. ஒரு நாள் பூராவும் ஒரே தப்பை ஒருத்தி கவனக்குறைவுல பண்ணுவாளான்னு மேல கேக்கறாங்க. கேக்கத்தான செய்வாங்க? சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு கவுந்தப்பாடியில அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. புள்ளையைப் பள்ளிக்கூடம் மாத்திட்டா. அந்த மனுவெல்லாம் சென்னையில பேசித் திரும்பக் கொண்டாந்துட்டாங்க. சுகந்திதான் இன்னும் திரும்ப வரல.

நான் அவளை விட்டுரல. அப்படி நினைச்சுக்காத. வாரம் தவறாம போன் பண்றேன். இன்னைக்கு விசாரணைக்கு எப்படி வரோணும்னு கூட நாந்தான் சொல்லிக் குடுத்தேன். வெளுத்த சேலையாக் கட்டு, காதுல தோடு வேண்டாம், கேட்டா அழுதுரு, வீட்டுக்காரர் போயிட்டாருன்னு சொல்லு, இரக்கப்பட்டு விட்டுருவாங்கன்னேன். சரிங்கக்கான்னா. நான் என்ன சொன்னாலும் சரிங்கக்காதான்.

நான் என்ன சாட்சி சொல்லப் போறேனா? சாப்ட்வேரை மாத்திட்டாங்க, அதனாலதான்னு சொல்லலாம். சொன்னா, முன்னாடியே தெரிவிச்சமேம்பாங்க. குரூப்பை எடுத்துக் காட்டுவாங்க. நோட்டட் சார். கும்பிடு. அடுத்த வருசம் ரிட்டயர்மெண்ட்டை வெச்சுக்கிட்டு எனக்கு ஒரு சார்ஜ் மெமோ வந்தா? இத்தனை வருசத்துல என்ற மேல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது கண்ணு.

என்ன, சிரிக்கறியா? இல்லையா? சரி.

இத பாரு, உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும். இதுக்குத்தான் இத்தனையும் சொன்னேன்னு நினைக்கறேன். உனக்குத்தான் எது எந்த இடத்துல இருக்குதுன்னு பாக்கற கண்ணு. ஆயுத பூஜையன்னைக்கு அவ கம்ப்யூட்டரை எடுத்தனே, அந்தப் போட்டோ இந்தப் போன்ல இருக்குது. தொடச்சு முடிச்சு, பொட்டைத் திரும்ப ஒட்டி, சந்தனம் வெச்சப்பறம் எடுத்தது. பழைய திரை அதுல தெரியும். அவ பொட்டை நகத்தி ஒட்டியிருக்காளா இல்லையான்னு பாத்துச் சொல்லு. கொஞ்சம் தள்ளியிருந்தாலும் சொல்லு. நூல் அளவு தள்ளியிருந்தாலும் பரவால்ல.

என்ற கண்ணுக்குத் தெரியல. கண்ணாடி போட்டும் தெரியல. பெருசாக்கிப் பாக்கத் தெரியாதான்னா, தெரியும். என்ற பேரன் போட்டோவைப் பெருசாக்கிப் பல்லு மொளைச்சிருக்குதான்னு பாக்கறவதான். இதை மட்டும் பெருசாக்கிப் பாக்கல. தள்ளித்தான் ஒட்டியிருக்கான்னு தெரிஞ்சுட்டா நான் நிம்மதியா உள்ள போயி உக்காந்துருவேன். சாமி முன்னாடி கூட அப்படித்தான் வேண்டிக்கிட்டேன். அவ நகத்தியிருக்கோணும்னு. எத்தனை கேவலம் பாரு.

பாத்தியா? சொல்லு.

நட்ட நடுவுலயா?

நல்லாப் பாரு கண்ணு. வெளிச்சத்துல கறுப்பு கொஞ்சம் அப்படி இப்படித் தெரியும். இல்லையா? பட்டனுக்கு நடுவுலதான் இருக்குதா? நான் ஒட்டுனதை விட நேரா இருக்குதாட்ட. அவ அப்படித்தான். எதைச் செஞ்சாலும் நேராச் செய்வா.

கண்டக்டர் குரல் குடுக்கறாரு, கவுந்தப்பாடி. அதோ நிக்கறா பாரு, அந்தக் கூடையோட. நான் சொன்னபடியே வெளுத்த சேலை, தோடும் இல்ல. இந்தப் பக்கம் சுகந்தி, இந்தப் பக்கம். பையை எடுத்துக்கறேன், நீ உக்காரு. கூட்டத்துல நசுங்கிட்டியா? என்னது இது? எனக்கும் சேத்துத் தக்காளிச் சோறா? எதுக்குப் புள்ள இதெல்லாம். காத்தால எத்தனை மணிக்கு எந்திரிச்சே?

இவங்களா? கோபியில இருந்து கூட வர்றாங்க. கம்ப்யூட்டர் வேலை. நல்ல புள்ளை. நாந்தான் கண்டபடி பேசிட்டு வந்தேன்.

உள்ள போயி என்ன சொல்லோணும்னு அப்பறம் பேசலாம். நான் சொல்லிக் குடுத்ததையெல்லாம் விட்டுரு. அழுகவும் வேண்டாம், மயில்சாமியை இழுக்கவும் வேண்டாம். கண்ணு, அந்தப் போனை அவகிட்டக் குடு. இல்ல, வேண்டாம், என்கிட்டக் குடு. நானே குடுக்கறேன்.

இந்தா, புடி. ஆயுத பூஜையன்னைக்கு எடுத்தது. உன்ற கம்ப்யூட்டர்தான். கறுப்புப் பொட்டு தெரியுதா? நான் விரல் வெச்சுக் காட்ட மாட்டேன், நீயே பாரு. அதைச் சுத்தி என்ன எழுதியிருக்குது? அவசரமில்ல, எழுத்துக் கூட்டிப் படி. ஈரோடு போறதுக்கு இன்னும் நேரம் கெடக்குது.

எஸ். ம், சொல்லு. ஏ. பொட்டு மறைக்குதா? அப்ப அதுக்கு அக்கட்ட படி. ஈ.

ஆமா சாமி. சேவ்தான். நீ எங்கயும் நகத்தல. ஒட்டுன இடத்துலயேதான் ஒட்டியிருக்கே. அவங்க பட்டனை மாத்துனாங்க. மாத்தப் போறோம்னு எனக்குச் சொன்னாங்க. நான் உனக்குச் சொல்லல. இதை இன்னைக்கு உள்ள போயும் இப்படியே சொல்றேன், நீ பக்கத்துல இருந்து கேளு.

என்ன கேட்டே? பஸ்ஸு சத்தத்துல கேக்கல.

கேட்டுச்சு. கேட்டுச்சு சாமி. அன்னைல இருந்தே இந்தப் போட்டோ என்ற போன்லதான் இருந்துது.